மூன்றாம் தரப்பு

பாளையங்கோட்டை, நகல் பிரிவு.
கம்பிக்கு அந்தப் பக்கம் ஞானசிகாமணி சார்
என் மனுவைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்,
பின்பக்கம் நான் யாரென்று எழுதியிருப்பதுபோல.

"செத்தவருக்கு நீங்க என்ன வேணும்?"
ஒண்ணும் வேணாம் சார், நகல்தான் வேணும்.
"எதிரி வகையில?"
இல்லை.
"பத்திரிகையா?"
மேலப்பாளையம். பீடிக் கடையில் கணக்கு எழுதுகிறேன்.
"அப்ப மூணாந்தரப்பு" என்று பேனாவை மூடினார்.
மூணாந்தரப்புக்கு அபிடவிட் வேண்டும்,
ஐயா உத்தரவு வேண்டும், காரணம் வேண்டும்.
காரணத்துக்கு விட்டிருக்கும் இடம்
இரண்டு விரற்கடை.

பதினோரு வாய்தா போயிருக்கிறேன்.
ஒவ்வொன்றுக்கும் கடையில் அரைநாள் பிடித்தம்.
வாசலில் கைப்பேசியை அணைக்கச் சொல்வார்கள்.
நாற்பது பக்க நோட்டை யாரும் கேட்டதில்லை.
யாரும் வரலாம், கடைசி பெஞ்சில் உட்காரலாம்,
பகல் முழுக்க அந்தக் கதவுக்குத் தாழ் கிடையாது.
தாளுக்குத்தான் தாழ்.

அன்று டவாலி மூன்று தடவை கூப்பிட்டார்.
பிரம்மாச்சி. பிரம்மாச்சி.
மூன்றாவதற்குத்தான் எழுந்தாள்.
கொம்பையா தலையாரி மணல் லாரியை மறித்த ராத்திரி
தப்பிப்போன ஆட்டைத் தேடி
ஆற்றுக்குள் இறங்கியவள் அவள் ஒருத்தி.
ஓட்டியவனைப் பார்த்தாயா என்று கேட்டார்கள்.
அவன் கூண்டில் நின்று
நாக்கால் பல்லிடுக்கைத் துழாவிக்கொண்டிருந்தான்.
அவனை அவள் பார்க்கவில்லை. ஐயாவையும் பார்க்கவில்லை.
மின்விசிறியைப் பார்த்தாள், அது எப்போது நிற்கும் என்பதுபோல.
பிறகு,
"அந்த இருட்டுக்குள்ள நான் என்னத்தக் கண்டேன்?"

தட்டச்சு நின்றது.
ஐயா அதை எழுத்துத் தமிழில் சொன்னார்.
தட்டச்சு ஓடியது.
அரசு வக்கீல் எழுந்து பிறழ்சாட்சி என்றார்.
அவள் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு இறங்கிப் போனாள்.
வெளியே அவளுக்காக ஒரு ஆட்டோ காத்திருந்தது.
யார் பிடித்த ஆட்டோ என்று
என் நோட்டில் இல்லை. எனக்குத் தெரியாது.

எங்கள் பக்கத்தில்
என்னத்தக் கண்டேன் என்றால்
ஒன்றும் காணவில்லை என்றும் ஆகும்.
எல்லாம் கண்டேன், கண்டு என்ன கண்டேன் என்றும் ஆகும்.
இன்னொரு விதமும் உண்டு.
பஸ்ஸில் வரும்போது வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன்,
அவளுக்கு வந்த மாதிரி எனக்கு வரவில்லை.

நான் கழிவு எண்ணுகிறவள்.
ஆயிரத்தில் எத்தனை ஆகாதவை என்று
ஒதுக்கி, எழுதி, கூலியில் கழிக்கிறவள்.
ஒதுக்கும்போது சுற்றியவள் முகத்தை
நிமிர்ந்து பார்த்ததில்லை.
இதையும் எங்காவது எழுதிவைக்க வேண்டும்.

இரண்டு விரற்கடையில் காரணம் எழுதினேன்:
அன்று என் காதில் விழுந்தது சரிதானா என்று பார்க்க.
"இப்படியெல்லாம் யாரும் எழுத மாட்டாங்கம்மா" என்றார் சார்.
அடிக்கவும் இல்லை. ஸ்டாம்பை எச்சில் தொட்டு ஒட்டினார்.

இருபத்தாறாம் நாள் கிடைத்தது.
அ.சா. 7. பக்கம் மூன்று.
"அன்றிரவு இருட்டாக இருந்தது. நான் எதையும் பார்க்கவில்லை."
இரண்டு வாக்கியம், இரண்டு முற்றுப்புள்ளி.
கீழே ஊதா மையில் முத்திரை: உண்மை நகல்.

நகலில் கைவைக்கக் கூடாது, சட்டம் தெரியும்.
முருகன்குறிச்சி ஜெராக்ஸ் கடையில்
கண்ணாடிமேல் ஒரு பாதிக்கு அதை வைத்தேன்,
மறு பாதிக்கு என் நோட்டின் அந்தப் பக்கத்தை,
பால்பாயிண்டில் சாய்ந்து நிற்கும் கேள்விக்குறியோடு.
பையன் மூடியை அழுத்தினான். வெளிச்சம் ஒரு தடவை போய் வந்தது.
"இதுல எதுக்கா ஒரிஜினல்?"

பத்து காப்பி போடு தம்பி, என்றேன்.
சூடாகத் தந்தான்.
எண்ணினேன். ஒன்பது.
இன்னொன்று, என்றேன்.